எழுபத்தைந்து வாட்

பர்னோ நகரத்துக்காரர்கள் டிராமை
ஷாலினா என்கிறார்கள்.
நம் காதுக்கு யாரோ ஒரு பெண்.
பொஹ்தானாவுக்கோ நாற்பது டன் இரும்பு,
அதிகாலை நாலே முக்காலுக்குக்
கண்ணாடியில் பனி சுரண்டிக் கிளப்ப வேண்டியது.

வீட்டுக்கு வந்தும் அவள் ரயில்தான் ஓட்டுகிறாள்,
திரையில்.
கேட்டால்,
"அங்கே யாரும் போனைப் பார்த்தபடி
தண்டவாளத்தைக் கடப்பதில்லை" என்பாள்.

கம்ப்யூட்டர், ஒரு கணக்கு அலுவலகம் கழித்துக்கட்டியது.
பதினோரு வயது.
மலைச்சரிவில் ரயில் இறங்கினால்
நின்று நின்று, படம் படமாக இறங்கும்.
மரங்கள் பச்சைப் பெட்டிகள்.
பயணிகளுக்கு முகமே கிடையாது;
மாவு பிசைந்து நிறுத்தியதுபோல்
நடைமேடையில் காத்திருப்பார்கள்.

கிராபிக்ஸ் கார்டு மாற்று, போதும் என்றார்கள் பணிமனையில்.
எந்தக் கார்டு என்றதும்
ஆளுக்கொரு மதம்.

டிசம்பர் போனஸில் மிச்சம்
ஆயிரத்து எண்ணூறு கொருனா.
பல் டாக்டருக்கு எடுத்துவைத்ததைத் தொடக்கூடாது.
தொட்டால் பல்லே ஞாபகப்படுத்தும்.

பக்கத் தகட்டைக் கழற்றினாள்.
முகம் தெரியாத ஒரு கணக்கரின் தூசி,
அதற்குள் ஒரு ஸ்டேப்ளர் பின்.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
பவர் சப்ளையின் லேபிளைப் படித்தாள்:
முந்நூறு வாட்.
ஆறுமுனை வயர் ஒன்று எங்காவது
ஒளிந்திருக்குமா என்று விரல்விட்டுத் துழாவினாள்.
இல்லை.
தையல் டேப்பால் அளந்தாள்.
ஹார்ட் டிஸ்க் கூண்டு இடிக்கும்வரை
பத்தொன்பது சென்டிமீட்டர்.

விரலுக்குத் தகுந்த வீக்கம்.

மூன்று விசிறிக் கார்டுகள் அத்தோடு போயின.
ஒன்று பாதி விலைக்கு வந்தது.
ஏதோ கொட்டகையில்
இரண்டு வருடம் இரவுபகலாக
காற்றில் காசு தோண்டிய கார்டு.
ஆசையாகத்தான் இருந்தது.
ஆனால் இரட்டை ஷிப்ட் என்றால் என்னவென்று
அவளுக்குத் தெரியும்.

கடைசியில் மிஞ்சியது
சொருகிய இடத்திலேயே
எழுபத்தைந்து வாட் வாங்கிக்கொண்டு
மேற்கொண்டு எதுவும் கேட்காத ஒரு குட்டிக் கார்டு.
நாலு ஜிபி. ஒற்றை விசிறி.

விற்க வந்தவன் லுபோர்.
ரயில் நிலையத்துக்கு எதிரே,
சாசேஜ் வறுக்கும் புகைக்குள் நின்றான்.
"ஆயிரத்து எழுநூறு."
"ஆயிரத்து நானூறு. விசிறியில் விரிசல்."
"விரிசல் இல்லை, பூனை முடி."
ஊதிக் காட்டினான்.
பூனை முடிதான்.
ஆயிரத்து அறுநூறு.

கிளிக்கென்று உட்கார்ந்தது.
விசிறி சுற்றியது.
திரை மட்டும் கறுப்பு.
எங்கே கோளாறு என்று ஒரு மணி நேரம்.
பிறகு பார்த்தாள்:
மானிட்டர் வயரின் நுனியில் நீல நிறப் பதினைந்து ஊசி.
கார்டின் முதுகில் அதற்குத் துளையே இல்லை.
எல்லாவற்றையும் அளந்தவள்
இதைப் பார்க்கவில்லை.

யானை வாங்கியாயிற்று.
அங்குசம் இருநூற்று முப்பது.
பல் பணத்தில் முப்பது குறைந்தது.

மறுநாள் மாலை, திரை விழித்தது.
மங்கலாக, பெரிய பெரிய எழுத்தில்,
"டிரைவர் கிடைக்கவில்லை" என்றது.
"இங்கேதானே இருக்கிறேன்" என்றாள்
சீருடையைக்கூடக் கழற்றாமல்.

அதையும் தேடி இறக்கிய பின்
மலைச்சரிவு.
தடங்கலே இல்லை, வெண்ணெயில் கத்தி.
மரங்களில் இலை இருந்தது,
இலையில் காற்று இருந்தது.
வேடிக்கை பார்த்தபடியே ஓட்டி
ஸ்டேஷனில் நிறுத்தினாள்.

நடைமேடையில் எல்லோருக்கும் முகம்.
அதில் சாம்பல் கோட்டுக்காரர் ஒருவர்
கைக்கடிகாரத்தைப் பார்த்தார்,
பிறகு அவளைப் பார்த்தார்.

நாற்பது நொடி தாமதம்.